வயதின் மேல் போடும் பழி

தருமபுரிப் பக்கம் ஐம்பத்தைந்தைத் தாண்டிய ஒருவர் கழுத்து திரும்பவில்லை, முட்டி மடங்கவில்லை, காது மந்தமாக இருக்கிறது என்று சொன்னால் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "வயசாயிப்போச்சு, அப்படித்தான் இருக்கும்." பிள்ளைகள் சொல்கிறார்கள், அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள், சில நேரம் மருந்துக்கடைக்காரரும் அதையே சொல்லி வலி மாத்திரை அட்டையை நீட்டுகிறார். கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்வதில்லை. ஆனால் இந்தப் பதிலைக் கேட்டு அடங்கிப்போனதாலேயே, சிகிச்சை கிடைத்திருக்க வேண்டிய எத்தனையோ பேர் கயிற்றுக்கட்டிலோடு கிடக்கிறார்கள். முதுமை பற்றிய ஆராய்ச்சியில் எது உறுதியாக நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தால், வயதின் கணக்கில் நாம் எழுதிவைத்திருப்பதில் பெரும் பங்கு வேறு கணக்குகளில் சேர வேண்டியது என்பது தெரியவரும்.

முதலில் ஆய்வகத்தில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன், செல்போனில் அதிகம் வருவது அதுதான். 1993இல் அமெரிக்க விஞ்ஞானி சிந்தியா கென்யனின் குழு, மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் உருளைப்புழுவில் ஒரே ஒரு மரபணு மாறியதும் அதன் ஆயுள் இரண்டு மடங்கானதைக் காட்டியது. மூப்பின் வேகம் தலையில் எழுதியபடி நடப்பதல்ல, உடம்புக்குள் அதைக் கூட்டிக் குறைக்கும் வழிகள் இருக்கின்றன என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. 2009இல் ராபமைசின் என்ற மருந்தை 600 நாள் வயதான எலிகளுக்கு, அதாவது மனிதக் கணக்கில் அறுபதை ஒட்டிய வயதில், கொடுக்கத் தொடங்கினார்கள். கூட்டத்தில் 90 சதவீதம் இறந்துபோகும் வயதை வைத்துப் பார்த்தபோது பெண் எலிகள் 14 சதவீதமும் ஆண் எலிகள் 9 சதவீதமும் கூடுதலாக வாழ்ந்தன. ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்த பாக்டீரியாவில் கிடைத்த அந்த மருந்து, சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்குவதற்காகக் கொடுக்கப்படுவது. வாய்ப்புண், தொற்று என்று பக்கவிளைவுகள் உண்டு. மனிதரின் ஆயுளை அது கூட்டும் என்பதற்கு இன்றுவரை சான்று இல்லை.

சர்க்கரைக்குத் தரும் மெட்பார்மின் மூப்பைத் தள்ளிப்போடுமா என்ற கேள்வியும் இப்படித்தான் நிற்கிறது. சர்க்கரை இல்லாதவர் ஆயுளுக்காக அதைச் சாப்பிட இன்னும் காரணம் கிடைக்கவில்லை. டாரின் என்ற அமினோ அமிலத்தின் கதை இன்னும் தெளிவானது. 2023இல் விஜய் யாதவ் தலைமையிலான குழு, டாரின் கொடுத்த எலிகள் கூடுதலாக வாழ்ந்தன, வயதாக ஆக உடம்பில் டாரின் குறைகிறது என்று எழுதியது. உலகம் முழுக்க டாரின் டப்பாக்கள் விற்றன. 2025இல் அமெரிக்க தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தின் குழு, ஆரோக்கியமான மனிதர்களின் ரத்தத்தில் வயதோடு டாரின் அப்படிக் குறைவதில்லை, பல பேருக்குக் கூடவும் செய்கிறது என்று காட்டியது. அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியின் ஊர்க்காரர்களான நமக்கு ஆயுளை நீட்டும் பொருளின் மேல் ஆசை வருவது இயல்பு. ஆனால் மாதம் மூவாயிரம் ரூபாய்க்கு விற்கும் அந்தப் பொடிகளை விட்டுத்தள்ளலாம் என்றே நான் சொல்வேன்.

நூறு வயதைத் தாண்டியவர்கள் நிறைந்த ஊர்கள் என்று சொல்லப்படும் இடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சால் நியூமன் என்ற ஆய்வாளர் அந்த வயதுகளைத் துருவிப் பார்த்து, பிறப்புப் பதிவு சரியில்லாத, வறுமை மிகுந்த இடங்களில்தான் 105, 110 வயதுக்காரர்கள் அதிகம் "இருக்கிறார்கள்" என்று காட்டினார். அதற்கு 2024இல், முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊரில் இதைப் புரிந்துகொள்வது சுலபம். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதியோடு வாழ்கிறவர்கள் இங்கே ஏராளம். "பெரிய பஞ்சத்துக்கு முந்தின வருஷம் பொறந்தவ" என்று சொல்லும் ஆயாவின் ஆதார் அட்டையில் ஜனவரி 1 என்று இருக்கும்.

மனிதர் 120 வயது வரை வாழ முடியுமா என்பது எனக்குப் பெரிய கேள்வியாகப் படவில்லை. தமிழ்நாட்டில் 2021இல் அறுபதைக் கடந்தவர்கள் மக்கள்தொகையில் சுமார் 13.7 சதவீதம். 2036இல் அது 20.8 சதவீதம் ஆகும் என்பது அரசின் கணிப்பு, அதாவது ஐந்தில் ஒருவர். அவர்களுடைய கடைசிப் பத்து ஆண்டுகள் நடமாட்டத்தில் கழியுமா, படுக்கையில் கழியுமா என்பதுதான் கேள்வி. தருமபுரி, கிருஷ்ணகிரியில் அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் தண்ணீரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டு மாவட்டங்களும் கருங்கல் பாறை மேல் உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பாறையிலுள்ள ஃபுளூரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. போர்வெல் ஆழம் போகப்போக, தண்ணீர் பாறையோடு ஊறிக்கிடந்த காலமும் கூடுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நம்மிடம் பல கிணறுகளும் போர்களும் அதைத் தாண்டியவை. ஃபுளூரைடுக்குச் சுவையில்லை, வாடையில்லை. உப்புத்தண்ணி, நல்லதண்ணி என்று நாக்கால் பிரிக்கிறோமே, அந்தப் பிரிவுக்குள் இது சிக்காது. துணியில் வடிகட்டினால் போகாது. கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளூரைடு அப்படியே தங்கி அடர்த்தி கூடும்.

குடித்த ஃபுளூரைடில் ஒரு பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றும், மிச்சம் எலும்பில் போய் உட்காரும். பத்து, இருபது ஆண்டுகளில் எலும்பு கனத்துப்போகிறது, ஆனால் உறுதி குறைந்து முறியக்கூடியதாகிறது. எலும்புகளை இணைக்கும் தசைநார்களில் சுண்ணாம்பு படிகிறது. முதலில் முதுகும் கழுத்தும் இறுகும், பிறகு இடுப்பு, தோள், முட்டி. முற்றினால் முதுகெலும்பு ஒரே கம்பி போல ஆகிவிடும். இதையெல்லாம் "தேய்மானம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். நடப்பது தேய்வதற்கு நேர் எதிரானது, படிவது.

ஃபுளூரைடால் வரும் இந்த நோய்க்குப் பெயர் ஃபுளூரோசிஸ். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஃபுளூரோசிஸ் தடுப்புக்கான தேசியத் திட்டம் 2008-09இல் தொடங்கியது. அதில் களப்பணியாளர்களுக்குச் சொல்லித்தரும் சோதனைகள் மூன்று. முட்டியை மடக்காமல் குனிந்து தரையிலுள்ள நாணயத்தை எடுக்க வேண்டும். தாடையை நெஞ்சில் தொட வைக்க வேண்டும். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மடக்கிப் பிடரியைத் தொட வேண்டும். எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்த ஒரு அம்மாவிடம் இதைச் செய்துபார்க்கச் சொன்னேன். நாணயத்தை எப்படியோ எடுத்துவிட்டார். தாடை நெஞ்சுக்கு நாலு விரற்கடை மேலேயே நின்றுவிட்டது. பிடரிக்குக் கை போகவே இல்லை, காதோடு நின்றது. "பூ வெக்கறதக்கூட மருமவதான் செய்யறா கண்ணு, வயசாயிப்போச்சில்ல" என்றார். அவருக்கு அறுபதுகூட ஆகவில்லை.

அவருடைய பற்கள் வெள்ளையாக இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். காவிக்கறை படிந்த பல்லைப் பார்த்துத்தான் ஃபுளூரைடு ஊர்க்காரர் என்று அடையாளம் சொல்வார்கள். ஆனால் அந்தக் கறை, ஈறுக்குள் பல் உருவாகும் சிறுவயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், இந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு மட்டுமே வரும். வேறு ஊரில் பிறந்து வாழ்க்கைப்பட்டு இங்கே வந்த பெண்ணின் பல் காட்டிக்கொடுக்காது, எலும்பு மட்டும் இறுகிக்கொண்டே போகும். பல்லை வைத்துத் தேடினால் நம் மருமகள்கள் எல்லாரும் கணக்கிலிருந்து தவறிப்போவார்கள். சந்தேகம் இருந்தால் முன்கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம். அங்குள்ள இரண்டு எலும்புகளுக்கு இடையிலான சவ்வில் சுண்ணாம்பு படிந்திருந்தால் அது ஃபுளூரோசிஸின் முக்கியமான அடையாளம். மூட்டுத் தேய்மானத்தில் அப்படி வராது.

இதில் எனக்கு மிகுந்த வேதனை தருவது வலி மாத்திரை. இறுகிய முதுகுக்குத் தினமும் இரண்டு மாத்திரை என்று ஆண்டுக்கணக்கில் போடுகிறார்கள். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீரகம் கெட்டால் ஃபுளூரைடு வெளியேறுவது குறையும், எலும்பில் இன்னும் சேரும், வலி கூடும், மாத்திரையும் கூடும்.

காவிரித் தண்ணீர் வந்தது பெரிய மாற்றம். ஜப்பான் நிதியுதவியோடு, ஏறக்குறைய 1,929 கோடி ரூபாயில் திட்டமிட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் முழுப் பெயரிலேயே ஃபுளூரோசிஸ் தணிப்பு என்ற சொல் இருக்கிறது. ஆனால் குழாயில் நல்ல தண்ணீர் வந்தாலும் களி கிண்டவும் பருப்பு வேகவைக்கவும் போர்த் தண்ணீரையே எடுப்பவர்கள் உண்டு. உலையில் ஊற்றும் தண்ணீரும் குடிக்கும் தண்ணீர்தான், அதுவும் கொதித்துச் சுண்டியது. தண்ணீரை மாற்றியவுடன் எலும்பு சுத்தமாகிவிடாது, சேர்ந்தது வெளியேற ஆண்டுகள் ஆகும். ஆரம்பத்தில் மாற்றினால் வலியும் இறுக்கமும் குறையும், முற்றிய வளைவு நிமிராது. அதனால்தான் நாற்பது வயதிலேயே இது தெரிந்தாக வேண்டும். வீட்டுப் போர்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்தால் அளவைச் சொல்லிவிடுவார்கள்.

அடுத்து தசை. 1990இல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில், சராசரியாகத் தொண்ணூறு வயதான, தளர்ந்துபோன பத்துப் பேரை மரியா ஃபியாதரோனே என்ற மருத்துவர் எடைப் பயிற்சி செய்யவைத்தார். எட்டு வாரம். முடித்த ஒன்பது பேரின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். தொண்ணூறு வயதுத் தசையும் வேலை கொடுத்தால் வளரும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. 2014இல் லைஃப் என்ற பெரிய ஆய்வு, 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு நடைப்பயிற்சி, கால் வலுவுக்கான பயிற்சி, உடல் நிலை தடுமாறாமல் நிற்கும் பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு ஆரோக்கிய வகுப்பு மட்டும். நிற்காமலே நடக்கச் சொல்லவில்லை, உட்காராமல், யாரையும் பிடிக்காமல், 15 நிமிடத்துக்குள் 400 மீட்டர் நடக்க முடிகிறதா என்பதுதான் அளவுகோல். ரேஷன் கடைக்குப் போய்வரும் தூரம். பயிற்சி செய்தவர்களில் அந்தத் திறனை இழக்கும் அபாயம் 18 சதவீதம் குறைவாக இருந்தது.

"காட்டுல கழனியில பாடுபட்ட உடம்புக்கு எதுக்குப் பயிற்சி?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கேழ்வரகும் நிலக்கடலையும் பார்த்த உடம்பு அறுபதில் பட்டணத்துக்காரரைவிட வலுவாகவே இருக்கும். பிறகு நடப்பதைக் கவனியுங்கள். மகன் ஓசூர் சிப்காட்டுக்கோ பெங்களூருக்கோ போகிறான். மாந்தோப்பு குத்தகைக்குப் போகிறது, ஏர்மாடு விற்றாகிறது. பெரியவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருகிறார். பாடுபட்ட உடம்பு வேலை நின்ற சில மாதங்களிலேயே வற்றத் தொடங்கிவிடும், சேர்த்துவைத்த பணம் போல அது இருந்துகொண்டிருக்காது. தரையில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது நம் வீடுகளில் தினமும் பலமுறை நடந்த பயிற்சி. பிரேசில் மருத்துவர் கிளாடியோ அராவுஜோ 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரை இப்படி உட்கார்ந்து எழச் சொல்லிப் பார்த்து, அதிகமாகக் கையும் முட்டியும் ஊன்றியவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் அதிகம் இறந்ததை 2012இல் எழுதினார். எழ முடியாததால்தான் இறந்தார்கள் என்று அதற்குப் பொருளில்லை. கால் வலு, உடல் எடை, நிலை தடுமாறாமை எல்லாவற்றையும் ஒரே அசைவில் அது காட்டிவிடுகிறது என்று கொள்ளலாம். முட்டி வலி இல்லாத பெரியவர்கள் ஒரு வேளையாவது தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதை விடக் கூடாது. முட்டி வலி உள்ளவர்களுக்கு நாற்காலியிலிருந்து கைபிடிக்காமல் எழுந்து உட்காருவது போதும், பத்துத் தடவை, காலையும் மாலையும்.

தசைக்குப் புரதம் வேண்டும். களியைப் பற்றி நம் பெருமை வீண் பெருமையல்ல. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அரிசி பக்கத்தில் வர முடியாது. ஆனால் புரதம் 7 கிராம்தான். முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பது முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர்கள் 2013இல் சொன்ன அளவு. 50 கிலோ ஆயாவுக்கு நாளைக்கு 50 கிராமுக்குக் குறையாமல். காலையில் டீயும் பொறையும், மதியம் களியும் கீரைக் கடைசலும், ராத்திரி "பசிக்கல" என்று ஒரு டம்ளர் மோர். இதில் பாதிகூடத் தேறாது. முன்பு களிக்குத் தொட்டுக்கொள்ள அவரைக்கொட்டைக் குழம்பு, கொள்ளு கடைசல், தட்டைப்பயறு இருந்தன. கொள்ளிலும் பயறிலும் நூற்றுக்கு இருபது கிராமுக்கு மேல் புரதம். அந்தக் குழம்பு சுருங்கிக் களி மட்டும் மிஞ்சியதுதான் குறை. ஒரு முட்டை 6 கிராம் தரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

மறதி நோய்க்கு வருகிறேன். இந்தியாவில் அறுபதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம், ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம், டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை, நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புடையது என்றது. படிப்பின்மை, காது மந்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, குடி, தனிமை எல்லாம் அதில் வருகின்றன. சரிசெய்யாத பார்வைக் குறைவு அந்த ஆண்டுதான் புதிதாகச் சேர்ந்தது.

இவற்றில் காதைத்தான் நாம் மிக அதிகமாக அலட்சியம் செய்கிறோம். காது கேட்காதவரிடம் பேச்சு குறையும். பேச்சு குறைந்தால் அவர் ஒதுங்குவார், மூளைக்கு வேலை குறையும். 2023இல் வந்த அச்சீவ் ஆய்வில் 70 முதல் 84 வயதுள்ள 977 பேர் இருந்தார்கள். எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் காது கேட்கும் கருவியால் மூன்று ஆண்டில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே இதய நோய் போன்ற அபாயங்கள் கூடுதலாக இருந்தவர்களிடம் மட்டும் அறிவுத்திறன் சரிவு 48 சதவீதம் மெதுவானது. நம் பெரியவர்களிலும் பலர் இந்த இரண்டாவது கூட்டத்தில் வருவார்கள். கண்ணாடி போடுவதை யாரும் குறைவாக நினைப்பதில்லை, காதில் கருவி மாட்டினால் மட்டும் "செவுடு" என்கிறோம். இது மாற வேண்டும்.

ஒரு நல்ல செய்தி, கிருஷ்ணகிரிக்கு அடுத்த மாவட்டத்திலேயே ஒரு பெரிய ஆய்வு நடக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள மூளை ஆய்வு மையம், கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்தில் 45 வயதைக் கடந்த பத்தாயிரம் கிராமத்தவரை இலக்காக வைத்து, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பரிசோதித்துவருகிறது. மூளை எப்படி மூப்படைகிறது என்பதற்கு இதுவரை நம்மிடம் இருந்த அளவுகோல்கள் பெரும்பாலும் படித்த வெள்ளையரை வைத்து எழுதியவை. கேழ்வரகும் மாம்பழமும் விளையும், நம்மைப் போலவே ஃபுளூரைடுத் தண்ணீர் குடிக்கும் மக்களை வைத்து வரும் முடிவுகள் நமக்கு மிக நெருக்கமாக இருக்கும்.

அக்கியைப் பற்றியும் ஒரு வியப்பான முடிவு வந்திருக்கிறது. அக்கி கண்டால் நம் பக்கம் காவி குழைத்து எழுதுவார்கள். அது சின்னம்மை வைரஸ் பல்லாண்டு நரம்பில் பதுங்கியிருந்து மறுபடி கிளம்புவது. வேல்ஸ் நாட்டில் 2013இல் அக்கித் தடுப்பூசி போடத் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு மட்டும் என்று கோடு கிழித்தார்கள். சில நாள் முன்னால் பிறந்தவருக்கு இல்லை, பின்னால் பிறந்தவருக்கு உண்டு, மற்றபடி இருவருக்கும் வித்தியாசமே இல்லை. ஏழு ஆண்டு கழித்துப் பார்த்தால், ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு டிமென்ஷியா சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 2025இல் நேச்சர் இதழில் வந்த முடிவு இது. இங்கே அக்கித் தடுப்பூசி தனியாரிடம்தான், விலையும் கைக்கு எட்டாது. அரசு இதை யோசிக்கத் தொடங்க வேண்டும்.

கைக்கு எட்டுவது ரத்த அழுத்த மாத்திரை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதும் பெற்றது. வீட்டுக்கே மாத்திரை வருகிறது, ஆனாலும் "தலைவலி இல்ல, எதுக்கு மாத்திரை, உடம்புக்குச் சூடு" என்று டப்பாவில் சேர்ந்துகிடப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். கொதிப்பு வலிக்காது. வலிக்காமலேயே மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களை அரிக்கும்.

அந்தத் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரையும் அழுத்தமும் பார்க்கிறார்கள். பிசியோதெரபி தருபவரும் உடன் இருக்கிறார். உலக சுகாதார நிறுவனம் முதியோருக்கென்று வகுத்த எளிய பரிசோதனை முறை ஒன்று இருக்கிறது: மூன்று சொற்களைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வது, கைபிடிக்காமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை 14 விநாடிக்குள் எழ முடிகிறதா பார்ப்பது, பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று கிசுகிசுத்துப் பார்ப்பது, பார்வை, எடை குறைந்ததா, மனம் சோர்ந்திருக்கிறதா என்று கேட்பது. இவற்றோடு நம் இரண்டு மாவட்டங்களுக்கு மட்டும் நாணயம், தாடை, பிடரி என்ற மூன்றையும் சேர்த்தால் போதும். பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஒரு வீட்டில் பத்து நிமிடம் ஆகும். அறுபது வயது வரை காத்திருக்காமல் நாற்பதிலிருந்தே, வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களிலிருந்து தொடங்க வேண்டும்.